குழந்தையைப் பற்றிய கேள்வியை முதல் நாளே கேளுங்கள்!

(கோவை சிங்காநல்லூரில் பஞ்சாலை, பனியன், தையல் தொழிலாளப் பெண்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நான் கூலியைப் பற்றிப் பேச வரவில்லை. போனஸைப் பற்றியும் பேச வரவில்லை. நம் வீடுகளில் இரண்டு பெண்கள் சேர்ந்தால் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு காதாகப் பேசுகிற ஒரு விஷயத்தை மேடையில் பேச வந்திருக்கிறேன். மார்பில் புற்றுநோய் வந்து, வைத்தியம் பார்த்து, பிழைத்து எழுந்த இளம் பெண்களுக்குக் குழந்தை பிறக்குமா? பிறக்கலாமா? பிறந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து உண்டா? இதுதான் விஷயம்.

நான் டாக்டர் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்று போனவள். தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒருத்தி நோய் போல இன்னொருத்தி நோய் இருக்காது, உடம்பும் அப்படியே. ஆகவே நான் சொல்வதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் சொல்லாத இரண்டு வாரம்

ஏன் இதை எடுத்துக்கொண்டேன் என்று முதலில் சொல்லி விடுகிறேன்.

நமக்குத் தெரிந்த ஒரு பெண். நூல் மில்லில் வேலை. வயது 32. பெயரும் ஊரும் வேண்டாம். கல்யாணமாகி நாலு வருஷம். 'வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக் குழந்தையைத் தள்ளிப் போட்டார்கள். வேலை நிரந்தரமாகவில்லை, மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கீமோ ஊசி ஏற்றினார்கள். கரண்ட் வைத்தார்கள். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து, இன்ஷூரன்ஸ் காகிதம் எழுத வேண்டும் என்று ஆபீசுக்கு வந்தாள். காகிதம் எழுதி முடிந்தது. போகவில்லை. எல்லோரும் எழுந்து போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கேட்டாள்: "ஏனுங்க்கா, எனக்கு இனிமே கொழந்தை பொறக்குமாங்களா? ஆஸ்பத்திரியில கேக்க வெக்கமா இருந்துச்சுங்க. அவீங்களும் ஒண்ணும் சொல்லலீங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் சோதித்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். சினைப்பையில் முட்டைகள் மிகவும் குறைந்து போயிருந்தன. அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார்: "முதல் ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு இரண்டு வாரம் கிடைத்திருந்தால் முட்டையையோ கருவையோ எடுத்து உறைய வைத்திருக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "அந்த ரெண்டு வாரத்தப் பத்தி எனக்கு ஒருத்தரும் சொல்லலீங்களே, அக்கா."

தோழர்களே, எல்லாப் பெண்களுக்கும் உறைய வைத்த முட்டை பிள்ளையாகி விடும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அவளுக்கும் பலித்திருக்குமோ, பலித்திருக்காதோ! ஆனால் அந்த இரண்டு வாரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு இருந்தது. அந்த உரிமை மறுக்கப்பட்டது. என் பேச்சின் சாரம் அவ்வளவுதான்.

இது இளம் பெண்களின் பிரச்னை

இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கு கூறுகிறது. அதே ஆண்டில் இந்நோய்க்குப் பலியானவர்கள் 98,000 பேருக்கு மேல். மேல்நாடுகளில் இது பெரும்பாலும் வயதான பெண்களுக்கு வருகிறது. நம் நாட்டிலோ ஏறக்குறையப் பத்து வருஷம் முன்கூட்டியே வருகிறது. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் அது விட்டு வைப்பதில்லை.

1952-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1954-ல் 12 படுக்கைகளோடு அது திறக்கப்பட்டது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊர் ஊராகப் போய் நிதி திரட்டிக் கட்டிய ஆஸ்பத்திரி அது. அந்தக் காலத்தில் 'பிழைப்பாளா?' என்ற ஒரு கேள்விதான் இருந்தது. இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பிழைத்தவள் வாழ வேண்டாமா? வேலைக்குப் போக வேண்டாமா? பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது பேராசையா? 'உசுரு தப்பிச்சதே பெரிசு, இதுல கொழந்தை ஒரு கேடா?' என்று கேட்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. பஞ்சப்படி கேட்டால் 'வேலை கொடுத்ததே பெரிசு' என்று சொல்கிற முதலாளியின் பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மருந்து என்ன செய்கிறது?

ஒரு பெண் பிறக்கும்போதே தன் ஆயுளுக்குரிய கருமுட்டைகளோடு பிறக்கிறாள். பிறகு புதிதாக உண்டாவதில்லை. வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். கீமோ மருந்துகள் வேகமாக வளரும் புற்றுச் செல்களைக் கொல்கின்றன. அவற்றில் சில, முக்கியமாக சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து, கருமுட்டைகளையும் சேர்த்து அழிக்கிறது. 25 வயதுப் பெண் ஓரளவு தாங்கிக்கொள்வாள். 38 வயதில் அதே மருந்து இருப்பதையும் துடைத்து விடக்கூடும்.

சிலருக்கு மாதவிலக்கு நின்று, பல மாதம் கழித்துத் திரும்ப வருகிறது. வந்து விட்டதால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. வரவில்லை என்பதால் கர்ப்பம் தரிக்காது என்றும் நம்பி விடக் கூடாது. வைத்தியம் நடக்கும்போது கர்ப்பமாவது ஆபத்து. ஆகவே அந்தக் காலத்தில் தடுப்பு முறை கட்டாயம் வேண்டும். ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை இந்நோய்க்கு ஆகாது. காப்பர்-டி போன்ற, ஹார்மோன் இல்லாத முறையைத்தான் டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு மருந்து டாமாக்சிபன் மாத்திரை. ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய்க்கு 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம்கூடக் கொடுக்கிறார்கள். அது முட்டையை அழிப்பதில்லை. ஆனால் மாத்திரை சாப்பிடும்போது கருத்தரித்தால் சிசுவுக்குக் கேடு. முப்பத்திரண்டு வயதில் ஆரம்பித்து பத்து வருஷம் சாப்பிட்டால் என்ன ஆகும்? நோய் போகும், வயதும் போகும். நோயைத் தடுக்கும் மாத்திரையே பிள்ளை பெறும் காலத்தை விழுங்கி விடுகிறது.

இப்படியிருக்க, விஞ்ஞானம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கீமோவுக்கு முன்பாகச் சுமார் இரண்டு வாரம் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து எடுத்து உறைய வைக்கலாம். கல்யாணம் ஆகாத பெண் முட்டையாகவே வைக்கலாம். ஆனவர்கள் கணவனின் விந்தோடு சேர்த்துக் கருவாக வைக்கலாம். மாதவிலக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாளிலும் தொடங்கலாம். ஹார்மோன் அதிகமாகி நோயைத் தூண்டாமல் இருக்க லெட்ரசோல் என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து கீமோ தொடங்குவதற்குள் எப்படியும் சில வாரங்கள் இருக்கும். அந்த இடைவெளியில் இதைச் செய்து முடிக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே அவசரமாகக் கீமோ கொடுக்க வேண்டியவர்களுக்கு மட்டும் டாக்டர் யோசித்துச் சொல்ல வேண்டும்.

சினைப்பையைத் தற்காலிகமாக உறங்க வைக்கும் கோசரெலின் என்ற மாத ஊசியும் இருக்கிறது. 2015-ல் வெளியான ஒரு சோதனையில், கீமோவோடு இந்த ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான் சினைப்பை செயலிழந்தது. ஊசி போடாதவர்களில் அது 22 சதவீதம். பின்னால் கர்ப்பமானவர்களும் ஊசி போட்டவர்களில்தான் அதிகம். முட்டையை உறைய வைப்பதற்கு இது மாற்று ஆகாது; கூடுதல் துணை.

பிள்ளை பெற்றால் நோய் திரும்புமா?

நம் வீடுகளை ஆட்டிப் படைக்கும் பயம் இதுதான். மாமியார் சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள், சில டாக்டர்களும்கூடச் சொன்னார்கள்: 'கர்ப்பமானால் ஹார்மோன் ஏறும், நோய் திரும்பி வரும், பிள்ளை ஆசையை விட்டுவிடு.' எத்தனை பெண்கள் இந்த ஒரு வாக்கைக் கேட்டு வாய் மூடிக் கிடந்தார்கள்!

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 20 நாடுகளில், ஹார்மோனால் வளரும் வகை நோய் கண்டு, 42 வயதுக்கு மேற்படாத, நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவாத பெண்கள் 500-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஒன்றரை வருஷம் முதல் இரண்டரை வருஷம் வரை ஹார்மோன் மருந்து சாப்பிட்ட பிறகு அதை நிறுத்தினார்கள். மருந்து உடம்பை விட்டு நீங்க மூன்று மாதம் விட்டு, பிள்ளைக்கு முயன்றார்கள். இடைவெளி அதிகபட்சம் இரண்டு வருஷம். பிறகு மறுபடி மருந்து. அதன் முடிவு 2023-ல் வெளியானது. கணக்கெடுத்த 497 பேரில் 368 பேர் கர்ப்பமானார்கள். 317 பேர் உயிருள்ள பிள்ளை பெற்றார்கள். பிறந்த குழந்தைகள் 365. சரி, நோய் திரும்பியதா? மூன்று வருஷத்தில் இவர்களில் 8.9 சதவீதம் பேருக்கு. மருந்தை நிறுத்தாத அதே மாதிரிப் பெண்களில் 9.2 சதவீதம். வித்தியாசம் இல்லை!

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். இது சில வருஷத்துக் கணக்கு. இந்த வகை நோய் பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் திரும்பக்கூடியது. ஆகவே அவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மருந்தைத் தானாக நிறுத்துவது தவறு. பிள்ளை பிறந்த பிறகு மருந்தைத் திரும்பத் தொடங்காமல் விடுவது அதைவிடத் தவறு. டிரஸ்டுஸுமாப் ஊசி போட்டவர்கள் கடைசி ஊசிக்குப் பிறகு 7 மாதம் பொறுக்க வேண்டும்.

'பரம்பரை நோய், பிள்ளைக்கும் வரும்' என்று பயமுறுத்துகிறார்கள். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருவது. அப்படி மரபணுக் கோளாறு உள்ள 4,732 இளம் பெண்களை ஆராய்ந்து 2023-ல் எழுதினார்கள். அவர்களில் 659 பேர் நோய்க்குப் பின் கர்ப்பமானார்கள். அதனால் அவர்கள் நோய் மோசமாகவில்லை. அந்தக் கோளாறு பிள்ளைக்குப் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பது உண்மை. அது ரத்தச் சோதனையில் தெரிந்துகொள்ளக் கூடியது. குடும்பத்தைத் தள்ளி வைக்கக் கூடியது அல்ல.

தாய்ப்பால் வழியாகப் புற்றுநோய் ஒட்டாது. ஒரு மார்பு இல்லாவிட்டாலும் மற்ற மார்பில் பால் கொடுக்கலாம். குறைமாதப் பிரசவமும் எடைக் குறைவும் இவர்களுக்குச் சற்று அதிகம். அதனால் நல்ல ஆஸ்பத்திரியில் கவனம் வேண்டும். ஊனமான பிள்ளை பிறக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கர்ப்பமாக இருக்கும்போதே நோய் கண்டால் உடனே கலைத்தே தீர வேண்டும் என்பதும் சரியல்ல. முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு கீமோ கொடுத்து, கரண்ட் வைப்பதையும் ஹார்மோன் மாத்திரையையும் பிரசவத்துக்குப் பின் ஒத்தி வைத்துத் தாயையும் சேயையும் காப்பாற்றுகிறார்கள். முடிவு அந்தப் பெண்ணுடையது.

முட்டைக்கும் வர்க்கம் உண்டு!

இவ்வளவு இருக்கிறதே, பிறகு ஏன் நம் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை? இங்கேதான் தோழர்களே, விஷயம் ஆஸ்பத்திரியை விட்டுத் தெருவுக்கு வருகிறது.

கோவையில் பிள்ளைப்பேறு வைத்தியத்துக்கு ஆளில்லையா? அவிநாசி ரோட்டில் போகிறவர்கள் பலகையை எண்ணிப் பாருங்கள்! கோவை, ஈரோடு, சேலம் எங்கும் உண்டு. ஆனால் முட்டையை எடுத்து உறைய வைக்க ஒரு தடவைக்கே லட்சத்தைத் தாண்டும். வருஷா வருஷம் வைப்பு வாடகை வேறு. மில்லில் தினக்கூலி வாங்குகிற பெண்ணுக்கு, அதுவும் புற்றுநோய் என்று கேட்ட அதே வாரத்தில், இந்தப் பணம் எங்கே இருந்து வரும்?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் கரண்டுக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கை கொடுக்கிறது. 2018-ல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் திட்டத்தோடு அது இணைக்கப்பட்டது. அந்த மத்திய திட்டத்தின் விதியில், பிள்ளைப்பேறு சம்பந்தமான சிகிச்சைகள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது கீமோவுக்குப் பணம் உண்டு. கீமோ கெடுப்பதைக் காக்கப் பணம் இல்லை! இது என்ன நியாயம்? இது ஆடம்பர வைத்தியமா? மருந்தின் கெடுதலைத் தடுப்பதும் வைத்தியத்தின் பகுதி அல்லவா? தலைமுடி கொட்டினால் முளைக்கும். முட்டை போனால் முளைக்காதே!

மற்றொரு பக்கம் பாருங்கள். 2022-ல் ஈரோட்டில் என்ன நடந்தது? 16 வயதுச் சிறுமி. போலி ஆதார் காட்டி, வயதைக் கூட்டிச் சொல்லி, பெற்ற தாயே கூட்டிக்கொண்டு போய், அவளுடைய கருமுட்டைகளைத் திரும்பத் திரும்ப எடுத்து விற்ற கொடுமை வெளியே வந்தது. தாயும் அவளோடு இருந்தவனும் புரோக்கரும் கைதானார்கள். 2021-ல் வந்த சட்டப்படி, முட்டை தானம் கொடுப்பவளுக்கு 23 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆயுளில் ஒரு தடவைதான் கொடுக்கலாம். சட்டம் ஏட்டில் இருந்தது. சந்தை ஈரோட்டில் நடந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழைச் சிறுமியின் முட்டையை எடுக்கக் காரும் புரோக்கரும் வாசலுக்கு வருகின்றன. ஏழைத் தொழிலாளிப் பெண்ணின் சொந்த முட்டையை அவளுக்காகவே காப்பாற்றி வைக்க ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. ஒரே கொங்கு நாட்டில், ஒரே வர்க்கத்தின் இரண்டு பெண்கள்! விற்பதற்கு வழி உண்டு. வைத்துக்கொள்ள வழி இல்லை. இதைத்தான் முட்டைக்கும் வர்க்கம் உண்டு என்றேன்.

மற்ற நாடுகளில் முடிந்திருக்கிறது. ஜெர்மனியில் 2019-ல் சட்டம் திருத்தி, இந்தச் செலவை இன்ஷூரன்ஸ் ஏற்க வழி செய்தார்கள். ஜப்பானில் 2021 ஏப்ரல் முதல் இளம் புற்றுநோயாளிகளுக்கு சர்க்கார் மானியம் கொடுக்கிறது. கேன்சர் டாக்டர்கள் வைத்தியத்துக்கு முன்பே பிள்ளைப்பேற்றைப் பற்றி நோயாளியிடம் பேச வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2006-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. வார்த்தைக்குப் பணம் வேண்டாமே! அதைக்கூட நம் பெண்களுக்கு மிச்சம் பிடிக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இந்த விஞ்ஞானம் புதிதும் அல்ல. 1978 அக்டோபர் 3-ம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் கருவை உறைய வைத்து, பிறகு தாயின் கருப்பையில் வைத்து, ஒரு பெண் குழந்தையைப் பிறக்கச் செய்தார். இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்து அப்போது 70 நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது? மேற்கு வங்க சர்க்கார் அமைத்த கமிட்டி அவர் சொன்னதை நம்பவில்லை. மனமுடைந்த அவர் 1981 ஜூன் 19-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அது இடதுசாரி சர்க்கார் என்பதை நான் இந்த மேடையில் மறைக்கப் போவதில்லை. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உண்டாக்கியவர் என்ற பெருமை நெடுநாள் டாக்டர் ஆனந்தகுமாருக்கு இருந்தது. அவரே முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, 1997-ல் 'அவர்தான் முதல்வர்' என்று அறிவித்தார். விஞ்ஞானியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காத சர்க்கார் எதுவானாலும், அதன் நஷ்டம் ஜனங்களுக்குத்தான். அன்று அந்த மனிதருக்கு ஒரு சோதனைச் சாலையைக் கொடுத்திருந்தால், இன்று மாவட்டம்தோறும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இந்த வசதி இருந்திருக்காதா?

வீட்டுக்குள்ளே நடக்க வேண்டிய மாறுதல்

சர்க்காரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நம் வீடு எப்படி இருக்கிறது?

பெண்ணுக்கு நோய் என்றதும் 'வேறு பெண் பார்க்கலாம்' என்று பையன் வீட்டில் பேச்சு எடுக்கிறார்கள். கல்யாணமாகாத பெண் என்றால் நோயையே மறைக்கிறார்கள். மறைப்பதற்காக வைத்தியத்தையும் தாமதம் செய்கிறார்கள். 'ஒரு மார்பு இல்லாதவள்' என்று சீமந்த வீட்டில் முன்னால் உட்கார விடுவதில்லை. இங்கே பின் வரிசையில் நிற்கிற ஆண் தோழர்களைக் கேட்கிறேன்: இதே நோய் உனக்கு வந்தால் அவள் உன்னை விட்டுப் போவாளா?

பிள்ளை பெறுவது மட்டும் குடும்பம் அல்ல. வேண்டாம் என்று முடிவு செய்கிறவளும் முழுப் பெண்தான். அக்காள் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! 1956-ம் வருஷத்து இந்து சுவீகாரச் சட்டப்படி உறவில் தத்து எடுக்கலாம். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து காத்திருந்தும் எடுக்கலாம். ஆனால் 2022-ம் வருஷத்து விதியில் ஒரு வாசகம் இருக்கிறது: தத்தெடுக்கும் பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்று. குழந்தையின் நலனுக்காக எழுதியது, வாசகத்தோடு சண்டையில்லை. வைத்தியம் முடிந்து, வேலைக்குப் போய் வருகிற பெண்ணைப் பழைய சீட்டைப் பார்த்து 'கேன்சர்காரி' என்று தள்ளிவிட்டால் அது அநியாயம். குணமானவர்களை இந்த வாசகம் தடுக்காது என்று தெளிவாக எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

வாடகைத் தாய் விஷயத்தில், பணத்துக்குக் கருப்பையை அமர்த்துவதை 2021 சட்டம் தடை செய்திருக்கிறது. அது சரி. ஈரோட்டைப் பார்த்த பிறகும் சந்தையைத் திறந்து விடச் சொல்ல நமக்கு மனம் வருமா?

நம் கோரிக்கைகள்

தோழர்களே, 1955-ல் கோவைக்கு இ.எஸ்.ஐ. திட்டம் வந்தது. மில் தொழிலாளி சம்பளத்தில் பிடித்த காசில் வளர்ந்த ஆஸ்பத்திரி இதே சிங்காநல்லூரில் நிற்கிறது. புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதச் சம்பளம் இரண்டு வருஷம் வரை கொடுக்க அதன் விதியில் இடம் இருக்கிறது. ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து இன்ஷூரன்ஸில் இருந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் பெயரில் மாற்றி எழுதப்படுகிற பெண் அந்தத் தொடர்ச்சியை எப்படிக் காட்டுவாள்? வேலை நிரந்தரமும் குழந்தையும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த மில் பெண் குழந்தையைத் தள்ளிப் போட்டதே அதற்காகத்தானே!

ஆகவே நாம் கேட்பது இது:

ஒன்று: குழந்தை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும் கீமோ தொடங்கும் முன், 'பிள்ளை வேண்டுமா?' என்று கேட்டு, வழிகளைத் தமிழில் விளக்கி, கேஸ் சீட்டில் எழுத வேண்டும்.

இரண்டு: முட்டை, கரு உறைய வைப்பதையும் சினைப்பையைக் காக்கும் ஊசியையும் புற்றுநோய் வைத்தியத்தின் பகுதியாகக் கருதி, காப்பீட்டுத் திட்டமும் இ.எஸ்.ஐ.யும் ஏற்க வேண்டும்.

மூன்று: சென்னை எழும்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 2024-ல் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறந்தார்கள், வரவேற்கிறோம். அதே போன்ற வசதி கோவை சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய்ப் பிரிவோடு இணைந்து நடக்க வேண்டும். புற்றுநோயாளிக்கு வரிசை கிடையாது. அன்றைக்கே பார்க்க வேண்டும்.

நான்கு: சிகிச்சைக்குப் போகிற பெண்ணின் வேலையை எந்தக் கான்ட்ராக்டரும் பறிக்கக் கூடாது.

இதெல்லாம் நாளைக்கே கிடைத்து விடாது, தெரியும். மனு கொடுப்போம், கூட்டம் போடுவோம், விடமாட்டோம். ஆனால் இன்றைக்கே, ஒரு காசு செலவில்லாமல், ஒவ்வொருத்தியும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் ஷிப்டில் ஒரு பெண்ணுக்கு இந்நோய் என்று கேள்விப்பட்டால், பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவதோடு நிற்காதீர்கள். 'முதல் ஊசிக்கு முன்னால டாக்டர்கிட்ட இதைக் கேளு' என்று சொல்லுங்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தால் நீங்கள் கூடப் போய்க் கேளுங்கள்.

அந்த மில் பெண் அதைத்தான் செய்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள், ஷிப்டுக்குப் போகிறாள், புருஷன் அவளோடுதான் இருக்கிறான். அவர்கள் வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை. தத்து எடுக்கலாமா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் அவள் லைனில் 24 வயதுப் பெண் ஒருத்திக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. இவள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் மருந்தை எழுதத் தொடங்கியதும் இவள் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள்: "ஏனுங்க டாக்டர், ஊசி போடறதுக்கு முன்னாடி இந்தப் புள்ளைக்கு ரெண்டு வாரம் இருக்குதுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உட்காரச் சொல்லி, விளக்கினாராம்.

தனக்குக் கிடைக்காத இரண்டு வாரத்தை இன்னொருத்திக்கு வாங்கிக் கொடுத்தாள் அவள். அவள் தனியாகக் கேட்டதை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம்.